பள்ளிக்கூடத்துல சயின்ஸ் நடத்தியே ஆகணும்னு சட்டம் இருக்கா? இல்லாட்டி போடணுமா?

மலைக்கோட்டை மணி

எல்லாருக்கும் வணக்கம். சண்டைக்கு இழுக்கிற மாதிரி தெரியலாம், நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். என் சகலையோட பையனுக்கு பத்து வயசு. நாலாவது முடிச்ச கையோட டி.சி. வாங்கி வெளியூர்ல ஒரு வேத பாடசாலையில தங்கிப் படிக்க விட்டுட்டாங்க. விடியக்காலம் எந்திரிச்சதுலேருந்து சந்தை (குரு சொல்லச் சொல்ல திருப்பிச் சொல்றது), திருவை (அதையே திரும்பத் திரும்ப ஓதுறது), மனப்பாடம்தான். சாயங்காலம் கொஞ்ச நேரம் இங்கிலீஷும் கூட்டல் கழித்தலும் உண்டாம். சயின்ஸ் சுத்தமா கெடையாது. வேதம் படிக்கிறதை நான் குறை சொல்லல, அது அவங்க வீட்டு விருப்பம், பையனும் அழாம சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா மஞ்சக்காமாலை ஏன் வருது, கரண்ட் எப்படி ஷாக் அடிக்குது, தடுப்பூசி எதுக்கு போடுறாங்கன்னு பதினஞ்சு வயசு வரைக்கும் ஒரு ஆள் கூட அவனுக்கு சொல்லித் தரமாட்டாங்கன்னு நெனச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

சகலைகிட்ட பேசினேன். "பத்தாவது என்.ஐ.ஓ.எஸ்.ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) எழுதிக்கலாம், அதுல சயின்ஸ் எடுக்காமலே பாஸ் பண்ணலாம், சயின்ஸ் கட்டாயம்னு எந்த சட்டத்துல இருக்கு காட்டுங்க பாப்போம்"னுட்டார். என்கிட்ட பதில் இல்ல. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பாய் ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவரு சிரிச்சுட்டு எங்க சொந்தத்துல மதரஸால தங்கி ஓதுற பசங்களுக்கும் இதே கதைதான்னார். அதனால இது ஒரு மதத்து விஷயம் இல்ல, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிராதீங்க.

ரெண்டே கேள்விதான். சட்டம் நெசமாவே இல்லையா? இல்லைன்னா இருக்கணுமா?

சட்டப்புழு

மணி அண்ணே, உங்க சகலை சொல்றது முக்கால்வாசி சரி. "எல்லாப் பள்ளியும் அறிவியல் கற்பிக்க வேண்டும்"னு நேரா ஒரு வரி சொல்ற சட்டம் இந்தியாவுல கெடையாது. சுத்தி வளைச்சுத்தான் இருக்கு.

2009 ஆர்.டி.இ. சட்டம் (இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்), 2010 ஏப்ரல் 1லேருந்து அமல். பாடத்திட்டம் பத்தி பேசுறது 29வது பிரிவு. அரசியல் சாசன மதிப்பீடுகள், குழந்தையோட முழு வளர்ச்சி, செஞ்சு பாத்து கண்டுபிடிச்சு கத்துக்கிறது, பயமில்லாம படிக்கிறது, முடிஞ்ச வரைக்கும் தாய்மொழின்னு நல்ல நல்ல வார்த்தையா அடுக்கியிருப்பாங்க, ஒரு பாடத்தோட பேர் கூட இருக்காது. என்ன பாடம்னு முடிவு பண்ற வேலையை அரசு நியமிக்கிற அமைப்புகிட்ட விட்டுட்டாங்க, நம்ம ஊர்ல அது மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. சயின்ஸ்ங்கிற வார்த்தை வர்றது சட்டத்தோட வால்ல இருக்கிற அட்டவணையிலதான். ஆறுலேருந்து எட்டு வரைக்கும் நடத்துற ஸ்கூல்ல சயின்ஸ், கணக்குக்கு ஒரு ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர் இருக்கணும்னு போட்டிருக்கு, அவ்வளவுதான். அதாவது பாடம் கட்டாயம்னு சொல்லல, வாத்தியார் கட்டாயம்னு சொல்லுது. அதே அட்டவணையில டாய்லெட், குடிதண்ணி, சமையல்கூடம், மைதானம், காம்பவுண்ட் சுவர், லைப்ரரி எல்லாம் இருக்கு, எத்தனை தடவ தேடினாலும் லேப் இல்ல. இதை யாராச்சும் கவனிச்சிருக்கீங்களான்னு தெரியல, எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

அதுவும் 14 வயசு வரைக்கும்தான், அதாவது எட்டாவது வரைக்கும். ஒன்பது பத்துல சயின்ஸ் இருக்குன்னா அது போர்டு விதி, பார்லிமென்ட் சட்டம் இல்ல. போர்டு விதியிலயும் ஓட்டை உண்டு. சி.பி.எஸ்.இ. பத்தாவதுல ஆறாவது பாடமா ஐ.டி., ஏ.ஐ. மாதிரி ஒரு ஸ்கில் சப்ஜெக்ட் எடுத்து அதுல பாஸ் ஆயிட்டா, சயின்ஸ்ல பெயில் ஆனாலும் அதுக்கு பதிலா இதை வச்சு பாஸ் போட்டுருவாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதும், இருதயம் எந்தப் பக்கம்னு தெரியவேணாம் 😀

இப்ப உங்க கேஸுக்கு வர்றேன். 2012ல ஆர்.டி.இ.யைத் திருத்தினப்ப மதரஸா, வேத பாடசாலை, முக்கியமா மதக் கல்வி தர்ற நிறுவனங்கள், இதுக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு தெளிவா ஒரு உட்பிரிவு சேத்துட்டாங்க. 2014ல பிரமதி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூல் எதுக்குமே ஆர்.டி.இ. பொருந்தாதுன்னு சொல்லிருச்சு, எய்டட் ஆனாலும் சரி அன்எய்டட் ஆனாலும் சரி. 2025 செப்டம்பர்ல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கேஸ்ல ரெண்டு ஜட்ஜ் பெஞ்சு இந்தத் தீர்ப்பு சரிதானான்னு சந்தேகப்பட்டு பெரிய பெஞ்சு பாக்கட்டும்னு தலைமை நீதிபதிகிட்ட அனுப்பியிருக்கு. பெத்தவங்க பிள்ளையை ஸ்கூல்ல சேக்கணும்னு 10வது பிரிவு சொல்லுது, சேக்கலைன்னா என்னன்னு சொல்லல, அபராதம் கெடையாது. அதனால உங்க சகலை மேல கேஸ் எல்லாம் போட முடியாது, குடும்ப உறவையும் கெடுத்துக்காதீங்க.

யாராச்சும் இப்ப அரசியல் சாசனத்து 51ஏ(எச்) பத்தி பேசுவாங்கன்னு தெரியும், அறிவியல் மனப்பான்மை வளக்கிறது ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னு. 1976ல 42வது திருத்தத்துல வந்தது. கல்வியை மாநிலப் பட்டியல்லேருந்து பொதுப் பட்டியலுக்கு தூக்கிட்டுப் போனதும் அதே 42தான், ஒரு கையில குடுத்து ஒரு கையில எடுத்த கதை. கடமைங்கிறது கோர்ட்டுல அமல்படுத்த முடியாத சமாச்சாரம், மேடையில பேச நல்லா இருக்கும்.

நம்ம மாநிலத்தையே பாருங்க. தமிழ் கட்டாயம்னு 2006ல தனியா சட்டம் போட்டு, ஒன்னாவதுல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஏத்தி பத்தாவது வரைக்கும் கொண்டு வந்தாங்க. அந்தச் சட்டத்துல சயின்ஸ் வர்றது பகுதி மூணுல இதர பாடங்கள்ங்கிற கும்பல்ல.

என் கருத்து, சட்டம் வேணும், ஆனா சின்னதா போதும். எந்த வகை நிறுவனமா இருந்தாலும் 14 வயசு வரைக்கும் பிள்ளைகளை முழுநேரமா வச்சிருந்தா மொழி, கணக்கு, சயின்ஸ் மூணும் கூடவே இருக்கணும், மத போதனை அது பாட்டுக்கு நடக்கட்டும். இது சிறுபான்மை உரிமைக்கு விரோதமும் இல்ல. உ.பி. மதரஸா சட்டம் செல்லாதுன்னு 2024 மார்ச்சுல அலகாபாத் ஹைகோர்ட்டு சொன்னதுக்கு ஒரு காரணமே பத்தாவது அளவுல கணக்கும் சயின்ஸும் விருப்பப் பாடமா கெடந்ததுதான். அதே வருஷம் நவம்பர் 5ல சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாத்தி சட்டத்தைப் பெரும்பாலும் காப்பாத்துச்சு, ஆனா கூடவே சிறுபான்மைத் தன்மை கெடாம தரமான பொதுக்கல்வி அங்க கெடைக்கிற மாதிரி அரசு விதி போடலாம்னும் சொல்லிருச்சு. வழி இருக்கு, போறதுக்குத்தான் ஆளில்ல.

மூணாவது பெஞ்சு

நீட் இருக்கிற ஊர்ல சயின்ஸுக்கு சட்டம் வேணுமாம். எங்க தெருவுல எல்.கே.ஜி. பிள்ளைக்கு பவுண்டேஷன் கோர்ஸ் நோட்டீஸ் குடுத்துட்டுப் போறானுங்க. முதல்ல அதை தடை பண்ண சட்டம் போடுங்கய்யா.

தெளிந்த சுண்ணாம்புநீர்

நான் அரசு நடுநிலைப்பள்ளி, சயின்ஸ் பி.டி. (பட்டதாரி ஆசிரியர்). சட்டப்புழு சார் சொன்ன அந்த அட்டவணையால வந்த வேலைதான் என்னோடது, அதனால சட்டத்தைத் திட்ட மாட்டேன். ஆனா வாத்தியார் இருந்தா பாடம் நடந்துரும்னு நெனைக்கிறது இருக்கே, அதைப் பத்தி கொஞ்சம் பேசணும்.

எனக்கு மேஜர் பாட்டனி. ஆறு ஏழு எட்டுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாமே நான்தான். இலையைப் பத்தி கேளுங்க, பீரியட் முடிஞ்சாலும் நிறுத்த மாட்டேன். மின்னோட்டம் வந்தா ராத்திரி உக்காந்து நானே படிச்சுட்டு மறுநாள் போறேன், தப்பில்ல, படிக்கலாம். ஆனா கையால செஞ்சு காட்டுற தைரியம் தானா வராது, அதுக்குப் பழகணும், பழக நேரம் வேணும், அந்த நேரத்துலதான் ஆன்லைன் என்ட்ரி, முகாம், தேர்தல் வேலை, இலவச செருப்பு அளவு எடுக்கிறது எல்லாம் வந்து உக்காருது. கணக்கு டீச்சர் லீவுன்னா அந்தப் பீரியடும் நம்ம தலையில.

அதுக்கு முன்னாடி ஒரு ஹைஸ்கூல்ல இருந்தேன், ஊர் பேர் வேணாம். பத்தாவது சயின்ஸ்ல தியரி 75, செய்முறை 25 தெரியுமில்லயா. பாஸாக தியரில 20, செய்முறைல 15 வேணும். செய்முறைல 25க்கு குறைஞ்சு போட்டா ஏன் போட்டீங்கன்னு கேள்வி வரும், அதனால யாரும் குறைக்கிறதில்ல. குவிலென்ஸோட குவியதூரம் கண்டுபிடிக்கிறதை ரெக்கார்டு நோட்டுல அழகா ஸ்கேல் வச்சு வரைஞ்சு கலர் பென்சில் அடிச்சிருப்பாங்க பசங்க, நேர்ல லென்ஸைக் கையில குடுத்தா எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு முழிப்பாங்க. அவங்க தப்பு இல்ல, அந்த லென்ஸ் பீரோவுக்குள்ள பூட்டி இருந்துச்சு, உடைஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்றதுன்னு. இந்தப் பசங்கெல்லாம் சட்டப்படி பாத்தா சயின்ஸ் படிச்சவங்க. மணி சாரோட சகலை மகன் படிக்காதவன். ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு எனக்கு நெசமாவே சொல்லத் தெரியல சார்.

நல்லதும் நடக்குது, இல்லைன்னு சொல்லக்கூடாது. 2022 நவம்பர்ல திருச்சியில முதல்வர் ஆரம்பிச்ச வானவில் மன்றம், ஆறு ஏழு எட்டுக்கு, மாநிலம் பூரா பதிமூணாயிரத்துக்கு மேல ஸ்கூல். கருத்தாளர் வண்டியில பொருளோட வர்றாங்க, பசங்க கையில குடுத்து செய்ய வைக்கிறாங்க. அன்னிக்கு மட்டும் லீவு போடுற பையன் கூட வந்துருவான். மத்தபடி நானே மஞ்சள் தடவின பேப்பர், செம்பருத்திப் பூ கொதிக்க வச்ச தண்ணி, எலுமிச்சம்பழம், சோப்புத் தண்ணி இது நாலையும் வச்சு அமிலம் காரம் முடிச்சுருவேன், லிட்மஸ் தாளுக்காகக் காத்திருக்கிறதில்ல. சோப்புத் தண்ணி பட்டு மஞ்சள் சிவப்பாகும்போது ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பாப்பாங்க.

சட்டம் போடுறதா இருந்தா "சயின்ஸ் நடத்தணும்"னு போடாதீங்க. வாரத்துக்கு இத்தனை பீரியட் பிள்ளைங்க கையால ஏதாச்சும் செய்யணும், உடைஞ்சா ஆசிரியர் காசு கட்ட வேணாம், சயின்ஸ் டீச்சருக்கு இந்த வேலையெல்லாம் குடுக்கக்கூடாதுன்னு போடுங்க. அதைப் போடுவாங்களா?

வெட்டிப்பேச்சு வேணாம்

நான் எதிர்க்கட்சி. சயின்ஸுக்கு எதிரி இல்ல, சட்டத்துக்கு எதிரி.

சயின்ஸ் கட்டாயம்னு சட்டம் போட்டா அடுத்த வரியில எது சயின்ஸ்னு சட்டம் சொல்லணும். அதை யார் எழுதுவா? மினிஸ்டர். 2018 ஜனவரில மத்திய கல்வித்துறை இணை அமைச்சரா இருந்தவர், சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்படி தப்பு, குரங்கு மனுஷனா மாறினதை யாரும் பாத்ததில்ல, பாடத்தை மாத்தணும்னு பேசினார், மறந்துட்டீங்களா? அப்ப சீனியர் மினிஸ்டர் அடக்கி வச்சார். நாலு வருஷம் கழிச்சு 2022ல கொரோனா சுமையைக் குறைக்கிறோம்னு, சி.பி.எஸ்.இ. பிள்ளைங்க படிக்கிற என்.சி.இ.ஆர்.டி. பத்தாவது புக்குல இருந்த "மரபும் பரிணாமமும்" பாடத்துல பரிணாமத்தை வெட்டி மரபை மட்டும் வச்சாங்க. தனிமங்களோட ஆவர்த்தன அட்டவணை, ஆற்றல் மூலங்கள், ரெண்டு பாடமும் போச்சு. 2023 ஏப்ரல்ல 1800க்கு மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு லெட்டர் எழுதினாங்க. பன்னெண்டாவதுல இருக்குல்லன்னு பதில் வந்துச்சு. பன்னெண்டாவதுல பயாலஜி எடுக்கிறவனுக்குத்தான் சார் இருக்கு, காமர்ஸ் எடுத்தவன் ஆயுசுக்கும் அதைப் பாக்கப் போறதில்ல. இத்தனைக்கும் சி.பி.எஸ்.இ.ல சயின்ஸ் கட்டாயப் பாடம்! கட்டாயம் எதைக் காப்பாத்துச்சு? நம்ம சமச்சீர் பத்தாவது புக்குல "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" தனிப் பாடமாவே இருக்கு, ஆவர்த்தன வகைப்பாடும் இருக்கு. ரெண்டு போர்டு தனித்தனியா இருந்ததால ஒன்னுல போனது இன்னொன்னுல மிஞ்சுச்சு. டெல்லில ஒரே சட்டம்னு வந்திருந்தா?

கோர்ட்டு காப்பாத்தும்னு சொல்லாதீங்க. யு.ஜி.சி. காலேஜ்ல ஜோதிடத்தை கோர்ஸா கொண்டு வந்தப்ப பி.எம். பார்கவா, எவ்வளவு பெரிய விஞ்ஞானி, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 2004ல தோத்துட்டு வந்தார். இதுல நாங்க தலையிட மாட்டோம்னுட்டாங்க. குறை சொல்லல, எது அறிவியல்னு தீர்ப்பு சொல்றது ஜட்ஜ் வேலை இல்லதான். அப்ப அதே வேலையை எதுக்கு சட்டத்துக்குள்ள கொண்டு வர்றீங்க?

இன்னொன்னு, இந்தியாவுல உருப்படியா சயின்ஸ் சொல்லிக் குடுத்த பெரிய முயற்சி எதுன்னு கேட்டா நான் ஹோஷங்காபாத்தைத்தான் சொல்வேன். 1972ல மத்தியப் பிரதேசத்துல பதினாறு நடுநிலைப் பள்ளியில ஆரம்பிச்சாங்க, கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர்னு ரெண்டு தொண்டு அமைப்பு. ஒவ்வொரு நாலு பிள்ளைக்கும் ஒரு கிட், செஞ்சு பாத்து நீயே எழுதுன்னு புக்கு, பரீட்சைல புக்கைத் திறந்து வச்சு எழுதலாம். பின்னாடி ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தி ஆயிரம் ஸ்கூல் வரைக்கும் போச்சு. எந்தச் சட்டமும் இதைப் பண்ணச் சொல்லல. 2002ல மாநில அரசு ஒரு உத்தரவுல இழுத்து மூடிருச்சு. ஆரம்பிச்சது ஆர்வம், மூடினது ஆர்டர். இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கடைசியா, 2024ல சென்னையில அரசுப் பள்ளியில ஒருத்தர் வந்து போன ஜென்மப் பாவம், கர்மான்னு பிள்ளைகளுக்கு லெக்சர் எடுத்தாரே, எந்திரிச்சு நின்னு எதிர்த்துக் கேட்டது யாரு? கண் பார்வை இல்லாத ஒரு தமிழாசிரியர். சயின்ஸ் பட்டம் வாங்கினவங்க அந்த வளாகத்துல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

பழைய எச்.எம்.

வெட்டிப்பேச்சு தம்பி நல்லா பேசுறார், கைதட்டலாம், ஆனா ஒரு இடத்துல வழுக்கிட்டார்.

நான் ரிட்டயர் ஆகி ரொம்ப காலமாச்சு. நாங்க படிச்சப்ப எஸ்.எஸ்.எல்.சி.ன்னா பதினொன்னு. கணக்குலயே காம்போசிட், ஜெனரல்னு ரெண்டு இருந்துச்சு. காம்போசிட் எடுத்தாத்தான் மேல காலேஜ்ல கணக்கு, பிசிக்ஸ் பக்கம் போகலாம். எங்க வீட்டுல எனக்கு காம்போசிட், என் தங்கச்சிக்கு ஜெனரல். அவ என்னை விட கெட்டிக்காரி. ஏன்னு யாரும் கேக்கல, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு. விருப்பம்னு விட்டா அந்த விருப்பம் யாரோடதுன்னு பாருங்க தம்பி. பிள்ளையோடதா?

1964ல போட்ட கோத்தாரி கமிஷன், அதோட தலைவர் டி.எஸ். கோத்தாரி பிசிக்ஸ் பேராசிரியர், 1966ல ரிப்போர்ட் குடுத்தப்ப முதல் பத்து வருஷப் படிப்புல கணக்கும் சயின்ஸும் எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம், ஆணு பொண்ணு வித்தியாசம் பாக்காதீங்கன்னு எழுதினாங்க. அதை ஏத்துக்கிட்டு பத்து கூட்டல் ரெண்டு வந்துச்சு, நம்ம ஊர்ல பிளஸ் டூ 1978ல. அதுக்கப்புறம்தான் கிராமத்துப் பொண்ணு எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பத்தாவது வரைக்கும் சயின்ஸ் படிச்சுட்டு வர முடிஞ்சுது, பின்னாடி நர்சிங்கோ லேப் டெக்னீஷியனோ பி.எஸ்சி.யோ போக ஒரு கதவாவது திறந்திருந்துச்சு. டீச்சரம்மா சொன்ன மாதிரி ரெக்கார்டு நோட்டுல கலர் அடிச்சுட்டுப் போனவங்கதான் பாதிப் பேர், ஒத்துக்கிறேன். அரைகுறைன்னாலும் கதவு மூடல. கட்டாயம்ங்கிறது இதுக்குத்தான், ஜீனியஸ் ஆக்குறதுக்கு இல்ல. பரிணாமத்தை வெட்டினாங்கன்னு 1800 பேர் சண்டை போட முடிஞ்சதே அது எல்லாரும் படிக்கிற பாடமா இருந்ததாலதானே? விருப்பப் பாடமா இருந்திருந்தா செத்ததே வெளிய தெரிஞ்சிருக்காது.

ஆனா சட்டப்புழு தம்பிக்கும் ஒன்னு சொல்லணும். மதரஸா நவீனமயம்னு 1993-94லயே மத்திய அரசு திட்டம் கொண்டு வந்துச்சு, சயின்ஸ் கணக்கு இங்கிலீஷ் நடத்துற ஆசிரியருக்கு அரசே மதிப்பூதியம் குடுக்கும்னு. விரும்பி வந்த மதரஸாக்கள் நிறைய. அப்புறம் பேரை மாத்தி நடத்தி, பணம் வருஷக்கணக்குல இழுத்தடிச்சு, கடைசில 2022ல திட்டத்தையே விட்டுட்டாங்க. வா வான்னு கூப்பிட்டப்ப வந்தவங்களுக்கு சம்பளம் குடுக்காத அரசு, இப்ப வரலைன்னா தண்டனைன்னு சட்டம் போட்டா யாரு நம்புவா? முதல்ல வாத்தியாரை அனுப்பு, சம்பளத்தைக் குடு, அப்புறம் சட்டத்தை நீட்டு.

வவுனியா வாசி

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன். இலங்கையில சாதாரண தரத்துக்கு (உங்கட பத்தாவது மாதிரி) சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு எண்டு ஆறு பாடம் எல்லாருக்கும் கட்டாயம். நீங்கள் கேக்கிற கட்டாயம் இங்க எப்பவோ வந்திட்டுது. ஆனா உயர்தரத்துக்கு (உங்கட பிளஸ் டூ மாதிரி) போறதுக்கு ஆறு பாடம் சித்தி, அதாவது பாஸ் வேணும், அதில தாய்மொழியும் கணிதமும் இருக்கவேணும், விஞ்ஞானம் சித்தியில்லாட்டியும் கலைப்பிரிவுக்குப் போகலாம். படிக்கிறது கட்டாயம், விளங்கிறது அவரவர் பாடு.

நான் கொஞ்சக் காலம் மலையகத்தில தோட்டப் பாடசாலையொண்டில படிப்பிச்சனான். பாடத்திட்டம் கொழும்பில இருக்கிற பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒண்டுதான், புத்தகமும் அரசாங்கம் இலவசமாத் தருது. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாம ஒரு தவணை முழுக்க போகும், சமய பாட ஆசிரியர் வந்து புத்தகத்தை வாசிச்சுப்போட்டுப் போவார். உயர்தரத்தில விஞ்ஞானப் பிரிவு இருக்கிற பள்ளிக்கூடத்தை 1ஏபி எண்டுவினம், கலையும் வர்த்தகமும் மட்டும் எண்டால் 1சி. தமிழ்மொழியில 1ஏபி தேடி அந்தப் பிள்ளையள் எவ்வளவு தூரம் போகவேணும் எண்டது அங்க இருந்தாத்தான் தெரியும். அங்கால காசுள்ள ஆக்கள் விடுற இன்டர்நேஷனல் ஸ்கூல் எல்லாம் கம்பனிச் சட்டத்தில பதிவு, கல்வி அமைச்சின்ர கட்டுப்பாட்டில இல்லை, அதுகளில லேப் பளபள எண்டு இருக்கும். கட்டாயம் இருக்கிற இடத்தில ஆள் இல்லை, கட்டாயம் இல்லாத இடத்தில எல்லாம் இருக்கு.

வெட்டிப்பேச்சு வேணாம்

எச்.எம். சார், தங்கச்சி விஷயம் சொன்னீங்களே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. வீட்டுல எடுக்கிற முடிவு பிள்ளையோட முடிவு இல்லைங்கிறது சரிதான். ஆனாலும் எந்தப் பாடத்துல என்ன இருக்கணும்னு முடிவு பண்ற கமிட்டில மினிஸ்ட்ரி ஆள் இல்லாம, விஞ்ஞானிகளும் வகுப்புல நிக்கிற ஆசிரியர்களும் மட்டும் இருக்கிற மாதிரி சட்டத்துலயே எழுதுங்க, அப்ப நான் கையெழுத்துப் போடுறேன். அது வரைக்கும் எதிர்க்கட்சிதான்.

மலைக்கோட்டை மணி

இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதினதைப் படிச்சதும் என் பையனைக் கூப்பிட்டு குவியதூரம்னா என்னடான்னு கேட்டேன், ஒன்பதாவது படிக்கிறான், நல்ல பேரெடுத்த மெட்ரிக், வரையறையை ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சான். அப்ப பெருமைப்படுறதா என்னன்னு தெரியல. பாடசாலையில பண்றதும் இதானேன்னு என் வீட்டம்மா வேற பக்கத்துல நின்னு சொல்லிட்டுப் போறாங்க.

சரி, சட்டம் வர்றப்ப வரட்டும். இந்தப் பையனுக்கு இப்ப என்ன பண்ணலாம்? லீவுக்கு வருவான், சகலை சண்டைக்காரர் இல்ல, பக்குவமா சொன்னா கேப்பார்.

சட்டப்புழு

அண்ணே, முதல்ல அந்தப் பாடசாலை எதோட இணைஞ்சதுன்னு கேளுங்க. உஜ்ஜயினில மகரிஷி சாந்தீபனி வேத வித்யா பிரதிஷ்டான்னு மத்திய அரசு கல்வி அமைச்சகத்துக் கீழ ஒரு அமைப்பு இருக்கு, அதோட இணைஞ்ச பாடசாலைன்னா வேதத்தோட கூட நவீன பாடமும் பாடத்திட்டத்துலயே உண்டு, பத்தாவதுக்கு சமமா வேதபூஷண் சர்ட்டிபிகேட்டும் குடுக்கிறாங்க. தனியா நடத்துற பாடசாலைன்னா என்.ஐ.ஓ.எஸ்.தான். அதுல பத்தாவதுக்கு அஞ்சு பாடம் வேணும், ஒரு மொழியாச்சும் இருக்கணும், மிச்சத்தை நாமளே எடுக்கலாம், சயின்ஸ் வேணாம்னு விடலாம்ங்கிற மாதிரியே வேணும்னும் எடுக்கலாம், பாட எண் 212, செய்முறையும் இருக்கு. 14 வயசு ஆகணும். அதுக்கு முன்னாடி எட்டாவது அளவுக்கு ஓ.பி.இ.ன்னு அவங்களே நடத்துற லெவல் இருக்கு, பையனுக்கு இன்னும் நாலு வருஷம் கையில இருக்கு. சகலைகிட்ட சட்டம் பேசாதீங்க, வருங்காலத்துல அவனே எதாச்சும் படிக்கணும்னு ஆசைப்பட்டா வழி அடைபடக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க, எச்.எம். சார் சொன்ன கதவு மாதிரி.

தெளிந்த சுண்ணாம்புநீர்

லீவுக்கு வந்தா புக்கெல்லாம் நீட்டாதீங்க மணி சார், ஓடிருவான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போடுற துளிர் பத்திரிகையை வீட்டுல எடுத்துப் போடுங்க, 1987லேருந்து வருது, பிள்ளைகளுக்குன்னே எழுதுறது, உங்க பையனும் படிக்கட்டும். ஒரு கைலென்ஸ், நாலு பேட்டரி, டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர், டிஞ்சர் அயோடின் ஒரு பாட்டில் வாங்கி வைங்க. சோத்துல ஒரு சொட்டு, உருளைக்கிழங்குல ஒரு சொட்டு, வெல்லத்துல ஒரு சொட்டு விடச் சொல்லுங்க, எதுல நீலக் கறுப்பாச்சு எதுல ஆகலைன்னு ரெண்டு பசங்களும் எழுதட்டும், ஏன்னு நீங்க சொல்லாதீங்க. அயோடின் தொட்ட சோத்தை யாரும் வாயில வைக்காம பாத்துக்கங்க, சட்டையில படாம இருக்கணும்னா பழைய துணி கட்டிவிடுங்க, கறை போகாது, அப்புறம் உங்க வீட்டம்மா என்னைத் திட்டுவாங்க.

மூணாவது பெஞ்சு

டீச்சர் அந்த வெல்லம் கறுப்பாகுமா ஆகாதா? சும்மா கேக்குறேன்.

தெளிந்த சுண்ணாம்புநீர்

செஞ்சு பாருங்க தம்பி.